இரண்டு மனைவியர், ஒரு வரவேற்பறை

வணக்கம் நேயர்களே.

இன்று ஒரு பேய்ப் படத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். குழந்தைகள் பக்கத்தில் இருக்கிறார்களே என்று வானொலியை அணைத்துவிட வேண்டாம். இந்தப் பேய் கூந்தலை விரித்துக்கொண்டு அலறாது. சோபாவில் சாய்ந்து உட்காரும். பழைய கணவனைக் கிண்டல் செய்யும். அவனுடைய புது மனைவியை, அவள் எதிரிலேயே, வாய்க்கு வந்தபடி பேசும். அவளுக்குத்தான் அது காதில் விழாதே!

படத்தின் பெயர் ‘பிளைத் ஸ்பிரிட்’. 1945-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. இயக்கியவர் டேவிட் லீன். பிற்காலத்தில் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ எடுத்து எல்லையில்லாத பாலைவனத்தைத் திரையில் விரித்தாரே, அவரேதான். இந்தப் படத்தில் மனிதர் பெரும்பாலும் ஒரு வரவேற்பறையைச் சுற்றியே வருகிறார். மூலக்கதை நோயல் கவர்ட் எழுதிய மேடை நாடகம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சார்லஸ் ஒரு நாவலாசிரியர். முதல் மனைவி எல்விரா இறந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. ரூத் என்ற பெண்ணை மறுமணம் செய்துகொண்டு கென்ட் பகுதியில் வசதியாக வாழ்கிறார். புதிய நாவலுக்கு விஷயம் தேடி, ஆவிகளை அழைக்கும் மேடம் ஆர்காட்டி என்ற அம்மையாரை விருந்துக்குக் கூப்பிடுகிறார். ‘எல்லாம் ஏமாற்று வேலை, தொழில் நுணுக்கத்தைக் குறிப்பெடுத்துக்கொள்ளலாம்’ என்பது அவருடைய கணக்கு. விளக்கை அணைத்து மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். எல்விரா வந்தே விடுகிறாள். வந்தவள் சார்லஸின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறாள். அவருடைய காதுக்கு மட்டும்தான் கேட்கிறாள்.

இந்த எல்விரா எப்படி இறந்தாள் தெரியுமா? நிமோனியா வந்து தேறிக்கொண்டிருந்த சமயத்தில், பிபிசி வானொலியின் இசை நிகழ்ச்சி ஒன்றைக் கேட்டு அடக்க முடியாமல் சிரித்து, இதயம் நின்றுபோனாள். ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. இன்றைய நிகழ்ச்சியில் அப்படி ஓர் ஆபத்து இல்லை.

இனி நான் விரும்பிப் பேசும் விஷயத்துக்கு வருகிறேன். சார்லஸ் நடுவில் நிற்கிறார். ஒரு பக்கம் ரூத், மறு பக்கம் எல்விரா. எல்விரா ஏதோ சீண்டுகிறாள். சார்லஸ் பொறுக்க முடியாமல், ‘வாயை மூடு’ என்கிறார். ரூத் திடுக்கிட்டுத் திரும்புகிறாள். அவள் அறிந்தவரை அந்த அறையில் இருப்பவர்கள் இரண்டே பேர். அப்படியானால் ‘வாயை மூடு’ என்றது யாரை? பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் காதுக்குள் எதையோ மாட்டிக்கொண்டு ‘உனக்கு அறிவிருக்கிறதா?’ என்று கத்தும்போது நாம் ஒரு கணம் விழிப்போமே, அந்த நிலைமைதான் ரூத்துக்கு. நமக்கு ஒரு கணம். அவளுக்கு முக்கால் படம். சார்லஸ் விளக்கம் சொல்லச் சொல்ல, ‘இவர் குடித்திருக்கிறார், அல்லது புத்தி பேதலித்துவிட்டது’ என்றே அவள் நினைக்கிறாள். வேறு எப்படி நினைப்பாள்? கடைசியில் எல்விரா ஒரு பூச்சாடியைத் தூக்கிக்கொண்டு நடந்து காட்டுகிறாள். ரூத்தின் கண்ணுக்குச் சாடி மட்டும் அந்தரத்தில் மிதந்து வருகிறது. அன்றுதான் நம்புகிறாள், பாவம்.

‘பாவம்’ என்று சொல்லிவிட்டேன். சொல்லத்தான் வேண்டும். இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் எல்விரா கட்சி. அழகு, குறும்பு, இளமை எல்லாம் அவள் பக்கம். நான் ரூத் கட்சி. எல்விரா வருவதற்கு முன்பே ரூத் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறாள். விருந்தாளிகள் வருமுன் கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளும் இடத்தைக் கவனியுங்கள். அவள் எவ்வளவு அழகு, எப்படிப்பட்டவள் என்று முதல் மனைவியைப் பற்றி ரூத் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். சார்லஸும் சுவையாகப் பதில் சொல்கிறார்! ஆவி அந்த வீட்டில் ஏற்கெனவே குடியிருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடுகிறது. இறந்தவளோடு போட்டி போட யாரால் முடியும்? அவள் கோபப்பட்டது மறந்துபோகும், சமையல் தீய்ந்தது மறந்துபோகும். இருப்பவளின் குறை தினமும் கண்ணில் படும். நான் ரூத் கட்சி, மறுபடியும் சொல்கிறேன்.

இவ்வளவு சோகம் அடியில் கிடக்கும்போது நாம் எப்படிச் சிரிக்கிறோம்? கவர்ட் அதைத் தெரிந்தே செய்தார். இந்தப் பாத்திரங்களுக்கு இதயம் இருந்தால் கதை சோகக் கதையாகிவிடும் என்று அவரே சொல்லியிருக்கிறார். நாடகம் பிறந்த காலத்தையும் நினைத்துப் பாருங்கள். 1941. லண்டன் மீது ஜெர்மன் குண்டுகள் விழுந்த காலம். கவர்ட் வேல்ஸுக்குப் போய் ஒரு வாரத்துக்குள் நாடகத்தை எழுதி முடித்தார். லண்டனில் முதல் நாள் வந்தவர்கள், குண்டுவீச்சின் இடிபாடுகள்மேல் போட்டிருந்த பலகைகளில் நடந்து அரங்குக்குள் போனார்கள். போய் உட்கார்ந்து, மரணத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். இது ரசக்குறைவு என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. நாடகம் 1,997 முறை நடந்தது.

படத்தின் தந்திரக் காட்சிகளுக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது. ஆனால் எல்விராவே பெரிய தந்திரம் ஒன்றும் இல்லை. கே ஹாமண்ட் என்ற நடிகைக்கு உடல் முழுக்கப் பச்சை ஒப்பனை, பச்சை உடை, உதட்டிலும் நகத்திலும் மட்டும் சிவப்பு. அவர் போகுமிடமெல்லாம் ஒரு தனி ஒளி பின்தொடரும். மற்றவர்கள் நடக்கும் அதே தரையில்தான் அவரும் நடக்கிறார். ஆவியை ஊடுருவிப் பார்க்கும்படி காட்டியிருந்தால், ‘இவள் இங்கே இல்லை’ என்று நமக்குத் தோன்றியிருக்கும். இவளோ ரூத்தைவிட அழுத்தமாக அங்கே இருக்கிறாள்.

நேரம் ஓடிவிட்டது. முடிவைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன்; வேகமாகச் சொல்கிறேன். கணவனையும் தன்னிடம் அழைத்துக்கொள்ள எல்விரா காரைப் பழுதாக்கி வைக்கிறாள். அதில் ஏறிச் சாவது ரூத். இப்போது சார்லஸுக்கு இரண்டு ஆவிகள்! நாடகத்தில் அவர் இருவருக்கும் டாட்டா காட்டிவிட்டு வீட்டைவிட்டுத் தப்பிப் போகிறார். படத்தில் அவர் காரும் விபத்துக்குள்ளாகி, இரண்டு மனைவியருக்கும் நடுவில் போய் உட்காருகிறார். கவர்டுக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை. ரூத் கட்சிக்காரனான எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது.

சைக்கிளில் வந்து இறங்கும் ஆர்காட்டி அம்மையாராக நடித்த மார்கரெட் ரதர்ஃபோர்டுக்குத் தனியாக ஓர் உரையே வேண்டும். இன்று முடியாது. ஒன்று மட்டும்: படம் பார்க்கும்போது அந்த வீட்டில் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும் ஈடித் என்ற பணிப்பெண்மீது ஒரு கண் வைத்திருங்கள். காரணத்தைச் சொல்ல நேரமில்லை. வணக்கம்.