படத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். பெற்றோர்களும் ஆசிரியர்களுமாக வந்திருக்கிறீர்கள். படம் எடுப்பதிலும் வீடியோ எடுப்பதிலும் ஆசை வைத்திருக்கும் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு எப்படித் தைரியம் கொடுப்பது என்று பேசச் சொன்னார்கள். ஒரே ஒரு விஷயத்தைத்தான் அழுத்திச் சொல்லப்போகிறேன்.

பதினான்கு வயதில் ஒரு பெண் தான் எடுத்த படத்தைக் கொண்டுவந்து நீட்டுகிறாள். நாம் ஒரு நொடி பார்த்துவிட்டு, “சூப்பர்மா, நல்லா இருக்கு” என்கிறோம். அன்போடுதான் சொல்கிறோம். ஆனால் பார்த்துவிட்டுச் சொல்கிறோமா, பார்க்காமலே சொல்கிறோமா என்பது அந்த வயதுப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். இப்படி நாலு தடவை நடந்தால் ஐந்தாவது படத்தை அவள் காட்டமாட்டாள். நமக்கு அது தெரியவும் தெரியாது.

சரி, வேறென்ன சொல்வது? உங்கள் கண் எங்கே போனது என்று சொல்லுங்கள். “முதல்ல இந்தச் சுவரில் விழுந்த நிழல்தான் என் கண்ணில் பட்டது. அப்புறம்தான் பாட்டி முகத்தைப் பார்த்தேன்.” இவ்வளவுதான். இதில் பாராட்டும் இல்லை, குறையும் இல்லை. ஆனால் அவளுக்கு இது பெரிய செய்தி. அவள் நிழலைத்தான் காட்ட நினைத்திருந்தால், தான் நின்ற இடமும் காத்திருந்த நேரமும் வேலை செய்திருக்கின்றன என்று அவளுக்கே புரியும். முகத்தைக் காட்ட நினைத்திருந்தால், அடுத்த முறை இரண்டடி முன்னால் போவாள். என் முடிவு இன்னொருவர் பார்வையைத் திருப்புகிறது என்று ஒரு பிள்ளை கண்கூடாகப் பார்க்கும்போது வருகிற நம்பிக்கையை, எத்தனை “சூப்பர்” சொன்னாலும் கொடுக்க முடியாது.

அதற்கு முதலில் முடிவெடுக்க வாய்ப்பு வேண்டும். இன்றைய போன் கேமரா முக்கால்வாசி முடிவுகளைத் தானே எடுத்துவிடுகிறது. அதனால் ஒரே ஒரு கட்டுப்பாட்டை மட்டும் பிள்ளையின் கைக்கு மாற்றிப் பாருங்கள். உதாரணமாக ஷட்டர் வேகம், அதாவது கேமரா எவ்வளவு நேரம் வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்பது. குழாயில் கொட்டுகிற தண்ணீரை நொடியில் 1000-ல் ஒரு பங்கு ஷட்டர் வேகத்தில் எடுத்தால் துளிகள் அந்தரத்தில் நிற்கும். கேமராவை அசையாமல் வைத்து 15-ல் ஒரு பங்கில் எடுத்தால் அதே தண்ணீர் பட்டு நூலாக இழையும். இரண்டும் சரிதான். எது வேண்டும் என்பதை எடுப்பவர்தான் சொல்ல வேண்டும். சரியான விடை என்று ஒன்று இல்லாத இடத்தில் தானே முடிவு சொல்லும் அனுபவம், பரீட்சைக்கு நடுவே வளரும் பிள்ளைக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா. சத்யஜித் ராயின் முதல் படத்துக்கு அவர் கேமராவைப் பிடித்தபோது வயது இருபதைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. அதற்குமுன் அவர் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை. புகைப்படம் எடுத்த அனுபவம் மட்டும்தான். அடுத்த படத்தில், 1956-ல் வெளிவந்தது, காசி வீடு ஒன்றின் முற்றத்தை ஸ்டுடியோவுக்குள் கட்டினார்கள். முற்றத்தில் வானத்திலிருந்து இறங்கும் வெளிச்சம் நிழலே விழாமல் மென்மையாக இருக்கும். விளக்கை நேரே அடித்தால் அது வராது. மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, கீழிருந்து விளக்கை அதில் அடித்து, திரும்பி வந்த வெளிச்சத்தில் படம் பிடித்தார். வெளிச்சம் எப்படி விழுகிறது என்று முன்பே உற்றுப் பார்த்து வைத்திருந்ததுதான் அவருக்குக் கைகொடுத்தது. உங்கள் வீட்டில் ஒரு வெள்ளைப் போர்வை இருக்கும். பிள்ளை கேட்டால் கொடுத்துவிடுங்கள். விலை உயர்ந்த கேமராவுக்கு இப்போது அவசரமில்லை.

பிள்ளைகள் மனம் உடையும் இடம் ஒன்று உண்டு. மற்றவர்கள் தேர்ந்தெடுத்து வெளியிட்ட ஒரே படத்தை, தான் எடுத்த நூறு படங்களோடு ஒப்பிடுகிறார்கள். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டாரத்தியா லாங் 1936-ல் எடுத்த படம் உலகப் புகழ்பெற்றது: கன்னத்தில் கை வைத்த தாய், தோளில் முகம் புதைத்த பிள்ளைகள். அதே இடத்தில் அன்று அவர் எடுத்த மற்ற படங்களும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன, இணையத்தில் பார்க்கலாம். உங்கள் பிள்ளையோடு உட்கார்ந்து அவற்றை வரிசையாகப் பாருங்கள். தள்ளி நின்று கூடாரத்தை எடுத்திருக்கிறார், பிறகு நெருங்கியிருக்கிறார். தேடித்தான் அந்த ஒரு ஃப்ரேமுக்கு வந்திருக்கிறார். அப்புறம், எடுத்த படங்களில் மூன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்களுக்குப் பிடித்த படம் அந்த மூன்றில் இல்லை என்றாலும் வாயைத் திறக்காதீர்கள்.

“ஃபோகஸ் சரியில்லையே” என்று சொல்லத் துடிக்கிறவர்களுக்கு பிரிட்டிஷ் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் நினைவுக்கு வர வேண்டும். 1863-ன் கடைசியில், 48 வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கேமராவில்தான் அவர் தொடங்கினார். அவர் எடுத்த முகங்கள் கூர்மையாக இல்லை என்று அந்தக் காலப் புகைப்பட விமர்சகர்கள் கடுமையாகக் குறை சொன்னார்கள். தன் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் லென்ஸை நிறுத்திக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். அந்த மங்கலான முகங்களைத்தான் இன்று அருங்காட்சியகங்கள் போற்றி வைத்திருக்கின்றன. மங்கலெல்லாம் கலை என்று நான் சொல்லவில்லை. வேண்டுமென்றே செய்ததா, தவறிப்போனதா என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள் என்கிறேன்.

படத்தில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு எடுப்பதும், அவர் வேண்டாம் என்றால் வெளியே போடாமலிருப்பதும் கட்டாயம். அதில் மட்டும் நீங்கள் கறாராக இருக்கலாம். எத்தனை லைக் வந்தது என்று கேட்கும் முதல் ஆளாக நீங்கள் இருக்காதீர்கள்.

வீடியோவுக்கு வருகிறேன். இங்கே ஆபத்து வேறு. பிள்ளைகள் பெரிய கதையோடு ஆரம்பிக்கிறார்கள், எடிட்டிங்கில் சிக்கிக்கொள்கிறார்கள், பாதியில் விட்டுவிடுகிறார்கள். முடிக்காத மூன்று படம் இருந்தால் ‘நமக்கு இது வராது’ என்ற எண்ணம் உட்கார்ந்துவிடும். அதனால் ஒரு நிமிடப் படம் போதும். ஒரு ஆள் வந்து பூட்டைத் திறப்பது, அவ்வளவுதான் கதை. சாவியின் குளோசப், கை, கதவு, முகம். எந்த ஷாட்டை முதலில் வைப்பது, எங்கே கட் செய்வது என்பதிலேயே அந்த ஆள் வீட்டுக்காரரா திருடனா என்பது மாறிவிடும். இதைத் தன் கையால் செய்து பார்க்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள்! ஒலியையும் மறந்துவிட வேண்டாம். படம் கொஞ்சம் ஆடினால் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, பேசுகிறவர் பக்கத்தில் இன்னொரு போனை வைத்துப் பதிவு செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

படம் முடிந்ததும் வீட்டில் திரையிடுங்கள். எல்லோரும் போனைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து முழுதாகப் பாருங்கள். உங்கள் கண் எங்கே போனது, எந்த இடத்தில் ஒட்டிக்கொண்டது, எங்கே குழம்பியது என்று சொல்லுங்கள். பெரும்பாலும் நீங்கள் முடிப்பதற்குள் அந்தப் பிள்ளையே ஆரம்பித்துவிடும்: “அடுத்ததுல அந்த ரெண்டாவது ஷாட்டை மாத்தணும்.” அப்போது அறிவுரை எதுவும் சேர்க்காமல், அடுத்த படத்தில் நடிக்க ஆள் வேண்டுமா என்று மட்டும் கேளுங்கள்.