வானத்தை வில்லாக வளைத்தவன்

அனைவருக்கும் வணக்கம். குழந்தைகளின் விளையாட்டுகளைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். விளையாட்டு தொடங்குவதற்கு முந்தைய இரண்டு நிமிடம் எனக்குப் போதும். தெருவின் பெரிய சண்டைகள் எல்லாம் அந்த இரண்டு நிமிடத்தில்தான் நடக்கின்றன.

சா பூ த்ரீயை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டமாக நின்று எல்லோரும் ஒரே நேரத்தில் கையைப் போட வேண்டும். உள்ளங்கையோ புறங்கையோ, எது தனித்துத் தெரிகிறதோ அந்தக் கைக்காரர் 'பழம்'. பழமானவர் தப்பித்தார், கடைசிவரை பழுக்காதவர் ஓடிப் பிடிக்க வேண்டும். மூன்று பேர் போட்டால் கைகள் 8 விதமாக விழலாம். அவற்றில் 6-இல் ஒருவர் தனித்துவிடுவார். பத்துப் பேர் என்றால் 1,024 விதம். ஒருவர் மட்டும் தனிப்பது 20-இல்தான். கூட்டம் பெருத்த நாளில் கை வலிக்கும்வரை போட்டது இதனால்தான்.

இரண்டு பேர் மிஞ்சினால்? ஏற்கெனவே பழமான ஒருவர் மூன்றாவது கையாக வருவார். அவர் கை தனித்தால் செல்லாது, மறுபடி போட வேண்டும். யார் தோற்றாலும் தனக்கு நட்டமில்லாத ஒருவரை நடுவில் நிறுத்த வேண்டும் என்று எந்த வக்கீல் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்? ஆனாலும் மற்றவர் கையைப் பார்த்துவிட்டு அரை நொடி தாமதித்துத் தன் கையைத் திருப்புகிறவன் எல்லாத் தெருவிலும் உண்டு. எங்கள் தெருவில் அவன் நான்தான்.

'இங்கி பிங்கி பாங்கி' குலுக்கலே அல்ல. ஐந்து பேர் வட்டத்தில் பாட்டுக்கு 16 தட்டு என்றால், முதல் தட்டு வாங்கியவரிடமே கடைசித் தட்டும் விழும். கணக்குத் தெரிந்த பிள்ளை எங்கே தொடங்க வேண்டும் என்று பார்த்துத் தொடங்கும்.

பூவா தலையாவும் முழு யோக்கியம் இல்லை. 2023-இல் ஆய்வாளர்கள் 3,50,757 முறை நாணயத்தைச் சுண்டிப் பார்த்தார்கள். சுண்டும்போது மேலே இருந்த பக்கமே 50.8 சதவீதம் விழுந்திருக்கிறது. காசில்லாத நாளில் ஓட்டாஞ்சில்லின் ஒரு பக்கத்தில் எச்சில் தொட்டுப் போட்ட நமக்கு இந்த வித்தியாசமெல்லாம் பொருட்டா என்ன!

எனக்குப் பிடித்தது இரண்டு அணியாகப் பிரிய உத்தி பிரிப்பதுதான். ஏறக்குறைய சம பலமுள்ள இரண்டு பேர் ஜோடி சேர்ந்து, தோளில் கை போட்டபடி ஒதுங்கிப் போவார்கள். காதோடு காதாக ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு திரும்புவார்கள். "வானத்தை வில்லாக வளைத்தவன் வேண்டுமா, மணலைக் கயிறாகத் திரித்தவன் வேண்டுமா?" தலைவர் ஒரு பெயரைக் கேட்பார். அந்தப் பெயருக்குரியவர் அவர் பக்கம், மற்றவர் எதிர்ப்பக்கம்.

பள்ளியில் வேறு முறை. இரண்டு தலைவர்கள் மாறி மாறி ஆள் எடுப்பார்கள். கடைசியில் மிஞ்சுவது நான். "இவனை நீயே வைத்துக்கொள்" என்று ஒருவன் பெருந்தன்மையாக விட்டுக்கொடுப்பான். மாலையில் தெருவுக்கு வந்தால் அதே நான் வானத்தை வளைத்தவன். என்னைப் போலவே ஓடத் தெரியாத ஒருவன் மணலைத் திரித்தவன். எங்களில் எவன் வந்தாலும் தலைவருக்கு ஒன்றுதான். ஆனால் அவர் வாயால் கேட்டு வாங்கியது எங்கள் பெயரை அல்லவா!

வெளியே திடலில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். பெரியவர்களும் ஜோடி சேர்ந்து வாருங்கள். தலைவரிடம் மட்டும் பெயரை முன்கூட்டியே சொல்லி வைத்துவிடாதீர்கள். அந்த வேலையையும் நான் செய்திருக்கிறேன்.