பூரிக்குக் கண் அழுத்தம் இறங்கிவிட்டது!

வணக்கம் மக்களே! முதலில் நல்ல செய்தி. நம் முயல் பூரியின் இடது கண் அழுத்தம் 34-இலிருந்து 19-க்கு வந்துவிட்டது! டாக்டர் நேற்று அளந்து பார்த்துவிட்டு, எண்ணை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கிளினிக் என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். வரிசையில் இருந்த லாப்ரடார் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டது, பாவம்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு: பூரி, நியூசிலாந்து ஒயிட். சிவப்புக் கண், வெள்ளை உடம்பு. இந்த ரகத்தில் கிளாக்கோமா பரம்பரையாகவே வரும். கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடிய வழியில்லாமல் தேங்கி அழுத்தம் ஏறும். கண் பிதுங்கும், கருவிழி நீலம் பூத்து மங்கும். தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் குட்டிக்கு நோய் வரும். அதனால்தான் பூரியை ஜோடி சேர்க்கவே மாட்டேன். குட்டி கேட்பவர்களுக்கு இப்போதும் அதே பதில்தான், கிடையாது.

சரி, சொட்டு மருந்துக்கு வருவோம். டார்சோலமைடும் டிமோலாலும் கலந்தது, மனிதர்களுக்குக் கொடுக்கும் அதே மருந்து. 5 மி.லி. பாட்டில், 350 ரூபாய். திறந்த நான்கு வாரத்தில் தூக்கிப் போட்டுவிட வேண்டும். உள்ளே பாதி மருந்து ஆடிக்கொண்டிருக்கும்! 350 ரூபாய் மருந்தில் பாதி! இதைச் சின்ன பாட்டிலில் விற்றால் யாருக்கு என்ன நஷ்டம்? ஒவ்வொரு மாதமும் குப்பைத் தொட்டி முன்னால் நின்று வயிறு எரிகிறது. ஆனாலும் போட்டுவிடுகிறேன். திறந்த பாட்டிலில் கிருமி சேர்ந்தால் கண்ணே போய்விடும்.

மருந்து விடும் முறை: தரையில் ரப்பர் பாய், அதன்மேல் துண்டு, துண்டுக்குள் பூரி. மேசைமேல் வேண்டவே வேண்டாம். முயல் மிரண்டு பின்னங்காலை உதைத்தால் முதுகெலும்பே முறியலாம். அப்புறம், பேசிக்கொண்டே பின்பக்கமாக வந்து ஒரே ஒரு சொட்டு. பரிசாக ஒரு கொத்தமல்லித் தண்டு. இப்போதெல்லாம் தண்டைக் கண்டதும் தானே துண்டில் வந்து உட்கார்கிறது, தங்கம்!

அட, ஒன்றை விட்டுவிட்டேன். வேறொரு சொட்டும் எழுதிக் கொடுத்திருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும்.

போன பார்வை இனி திரும்பாது. வலி இல்லாமல் வைப்பதுதான் நம் வேலை. முயல் வலியைக் காட்டிக்கொள்ளாது. மூலையில் ஒடுங்கும், பல்லை நறநறவெனக் கடிக்கும், புல்லைத் தொடாது. அரை நாள் சாப்பிடவில்லை, புழுக்கை போடவில்லை என்றால் குடல் நின்றுபோகலாம். அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சொட்டுக்கு அடங்காத வலி என்றால் கண்ணை எடுத்துவிடுவார்கள். கேட்கவே பயமாக இருந்தாலும், அந்த வலியோடு வைத்திருப்பதைவிட அது மேல்.

எனக்கு ஆகவே ஆகாத ஒன்று: கண் சிவந்திருக்கிறது என்றதும் கடைக்காரர் ஸ்டீராய்டு சொட்டை நீட்டுவது. அது அழுத்தத்தை இன்னும் ஏற்றிவிடும், முயலின் எதிர்ப்புச் சக்தியையும் குறைக்கும். டாக்டர் எழுதாமல் எதையும் விடாதீர்கள்.

கடைசியாகக் கொலு விஷயம். இடப்பக்கம் தெரியாததால் பூரி மீசையாலும் மோப்பத்தாலும்தான் வழி கண்டுபிடிக்கிறது. சோபாவை நகர்த்தினால் முட்டிக்கொள்ளும். அம்மாவிடம் பேசிப் பேசி, இந்த வருஷம் கொலுப்படி ஹாலில் இல்லை, மாடி அறையில்!