கடைசிச் சொல் யாருக்குச் சொந்தம்?

வணக்கம் நேயர்களே. வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. என்ன ஆச்சு? பெட்ரோல் தீர்ந்துபோச்சு. இதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் நம்மில் பலருக்குச் சட்டென்று வருவது ‘பெட்ரோல் இஸ் ஓவர்’. கேட்பவருக்குப் புரியும். ஆனால் ஆங்கிலம் தாய்மொழியானவர் ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் பெட்ரோல்’ என்பார். ரன், அவுட், ஆஃப். மூன்றும் ஆரம்பப் பள்ளிச் சொற்கள்தான். ஓடு, வெளியே... கூட்டிப் பார்த்தால் ‘தீர்ந்துபோவது’ எங்கிருந்து வந்தது? கிரிக்கெட் ரன் அவுட்டை இங்கே இழுக்காதீர்கள், அது வேறு வழக்கு.

இப்படிப் பொருள் தாவுவது நமக்குப் புதிதா என்ன? ‘கண்டுபிடி’ என்கிறோம், யாரும் எதையும் கையால் பிடிப்பதில்லை. ‘விட்டுக்கொடு’ என்கிறோம், எதையும் எடுத்து நீட்டுவதில்லை. ‘தீர்ந்துபோச்சு’ என்பதிலும் பெட்ரோல் எங்கேயும் நடந்து போகவில்லை. நாம் வினையோடு வினையை ஒட்டுகிறோம். அவர்கள் வினையோடு அப், அவுட், அவே என்று ஒரு துண்டை ஒட்டுகிறார்கள். அயல்மொழிக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் மிகப் பெரிய சிக்கல் இதுதான் என்று சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையிலேயே எழுதிவிட்டார். ஆக, தடுமாறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, அந்த மூன்றாவது சொல்? இன்று நான் பேச வந்ததே அதைப் பற்றித்தான். ‘ரன் அவுட்’ என்பது வினை, அதோடு முடிந்தது. ‘ஆஃப்’ வினைக்குச் சொந்தமில்லை, பின்னால் வரும் பெட்ரோலுக்குச் சொந்தம். தமிழில் ‘ஐ, ஓடு, கு’ என்று பெயரின் வாலில் ஒட்டுகிறோமே வேற்றுமை உருபு, அதே வேலையைத்தான் இது பெயருக்கு முன்னால் நின்று செய்கிறது. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: நடுச்சொல் வினையின் ஆள், கடைசிச் சொல் பெயரின் ஆள்.

சோதித்துப் பார்ப்போம். ‘பெட்ரோல் இருக்கிறதா?’ என்று கேட்டால், ‘நோ, வீ ஹேவ் ரன் அவுட்’. பெயர் இல்லை, உருபும் இல்லை. பெட்ரோலையே எழுவாயாக முன்னால் கொண்டுவந்தால், ‘த பெட்ரோல் ஹேஸ் ரன் அவுட்’. அங்கும் ஆஃப் கிடையாது. இருவருக்குள் மனஸ்தாபம் என்றால் ‘தே ஹேவ் ஃபாலன் அவுட்’, வாக்கியம் முடிந்தது. அவனோடு என்று சேர்க்கும்போதுதான் ‘ஃபாலன் அவுட் வித் ஹிம்’. ‘வித்’ நம்முடைய ‘ஓடு’.

கேள்வி வரும்போதுதான் நாம் வழுக்குகிறோம். ‘யாரோடு சண்டை?’ என்கிறோம். நம் ‘ஓடு’ ‘யார்’ என்ற சொல்லை விட்டுப் பிரியாது, கூடவே முன்னால் வந்துவிடும். ஆங்கிலத்தில் ‘ஹூ’ மட்டும் முன்னால் ஓடிவிடும், ‘வித்’ பழைய இடத்திலேயே தனியாக நிற்கும்: ‘ஹூ டிட் யூ ஃபால் அவுட் வித்?’ வால் தொங்குகிறதே என்று நம் காது அதை வெட்டிவிடுகிறது. வெட்டாதீர்கள். எழுவாயாக மாறாமல் அந்தப் பெயர் வாக்கியத்தில் எங்கேயோ இருக்கிறவரை உருபும் இருந்தாக வேண்டும்.

ஒலியைப் பற்றியும் ஒரு வார்த்தை, வானொலியில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது? அடையாளம் தெரியட்டும் என்று இதுவரை ‘ஆஃப்’ என்றேன். விளக்கை அணைக்கிற ‘ஆஃப்’ வேறு, இது வேறு. இதன் கடைசி ஒலி ‘வ்’. பேச்சில் ‘அவ்’ என்று மெலிந்து போகும். அழுத்தம் நடுச்சொல்லில்: ரன் அவுட்டவ் பெட்ரோல். இரண்டையும் ஒரே மாதிரி உச்சரிப்பதால்தான் எழுதும்போது ஒரு ‘எஃப்’ கூடுதலாக விழுகிறது.

உருபு மாறினால் பொருளும் மாறும். ‘கெட் அவே ஃப்ரம்’ என்றால் ஓர் இடத்திலிருந்து தப்பிப் போவது. ‘கெட் அவே வித்’ என்றால் தப்பைச் செய்துவிட்டுத் தண்டனை இல்லாமல் நழுவுவது. ‘மேக் அப் வித்’ சண்டைக்குப் பிறகு ஒருவரோடு ராசியாவது, ‘மேக் அப் ஃபார்’ இழந்ததை ஈடுகட்டுவது. ‘கேட்ச் அப் வித்’ முன்னால் போகிறவரை எட்டிப்பிடிப்பது, ‘கேட்ச் அப் ஆன்’ விட்டுப்போன தூக்கத்தையோ வேலையையோ சரிக்கட்டுவது. இவற்றைத் தனித்தனிச் சொல்லாக மனப்பாடம் செய்யாமல் பெயரோடு சேர்த்துப் படியுங்கள்: ‘கேட்ச் அப் ஆன் ஸ்லீப்’.

எல்லாவற்றிலும் உருபைக் கழற்ற முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘புட் அப் வித்’, அதாவது பொறுத்துப்போவது, ‘வித்’ போனால் அந்தப் பொருளே போய்விடும். இதைக் கேட்டுப் பழகிய காதுதான் ‘கோப் அப் வித்’ என்று ஒன்றை உண்டாக்குகிறது. அங்கே ‘அப்’ கிடையாது, ‘கோப் வித்’ மட்டும்தான்.

கடிதங்களில் மாமூலாக வருகிற பிழை ஒன்று: ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ’. அந்த ‘டு’ உருபு. உருபு பெயரில்தான் ஒட்டும். ‘சந்திப்பதை எதிர்பார்க்கிறேன்’ என்று தமிழிலும் தொழிற்பெயராக்கித்தானே ‘ஐ’ சேர்க்கிறோம்? அதனால் ‘டு மீட்டிங் யூ’. சந்தேகம் வந்தால் ‘டு’வுக்குப் பின்னால் ‘த வீக்கெண்ட்’ என்று ஒரு பெயரை வைத்துப் பாருங்கள். பொருந்தினால் அது உருபு.

நேரம் நெருக்குகிறது. ‘இட்’ எங்கே வரும் என்பதை விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். தள்ளிப்போடுகிற ‘புட் ஆஃப்’ இரண்டு சொல், அதில் ‘இட்’ நடுவில்: ‘புட் இட் ஆஃப்’. மூன்று சொல் என்றால் பெரும்பாலும் கடைசியில்: ‘புட் அப் வித் இட்’. இரண்டு இடமும் நிரம்புகிற வகையும் உண்டு. வெளியில் பட்ட கோபத்தை என்மேல் காட்டாதே என்பதற்கு ‘டோன்ட் டேக் இட் அவுட் ஆன் மீ’. நடுவில் கோபம், கடைசியில், உருபுக்குப் பின்னால், அகப்பட்டுக்கொண்ட ஆள். வணக்கம்.