ஆமா போடக் கற்றுக்கொள்கிறேன்

வணக்கம் மக்களே. காற்று இரைவது கேட்கிறதா? அபிஷேகப்பட்டியில் எங்கள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக வளாகத்தில், ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன். ஆடிக் காற்று இன்னும் அடங்கவில்லை. மைக்கைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

போன வீடியோவில் எங்கள் இயற்பியல் ஆய்வகத்தைக் காட்டினேன். இன்றைக்கு ஆய்வகம் முடிந்த பிறகு நடப்பதைச் சொல்கிறேன். நாங்கள் எட்டுப் பேர் வில்லுப்பாட்டு கற்றுக்கொள்கிறோம். எனக்குக் கிடைத்த வேலை ஆமா போடுவது.

கோயில் கொடை விழாவில் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும். புலவர் வீசுகோலால் நாணைத் தட்டிக் கதை சொல்வார், பக்கத்தில் இருப்பவர் "ஆமா" என்பார். இதில் கற்க என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். முதல் நாள் அவர் மூச்சு விட்ட இடத்தில் எல்லாம் ஆமா போட்டேன். கதையில் பிள்ளை செத்துப்போன இடத்திலும் அதே உற்சாகமான ஆமா! எங்களுக்குக் கற்றுக்கொடுக்கிற அண்ணாவி வில்லை நிறுத்திவிட்டார். "ஏட்டி, என் வாயப் பாக்காத. கதையக் கேளு, ஆமா தன்னால வரும்" என்றார். அன்றிலிருந்து வகுப்பில் பாடம் கேட்கிற விதமே எனக்கு மாறிவிட்டது, உண்மையாகச் சொல்கிறேன்.

அப்புறம் குடம். அதன் வாயில் பத்தி என்கிற மட்டையால் தட்டும்போது உள்ளே இருக்கும் காற்றுதான் அதிர்கிறது. தண்ணீர் ஊற்றி உள்காற்றைப் பாதியாக்கினால் அதிர்வெண் ஏறக்குறைய 1.4 மடங்கு ஏறும். ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதிர்வி என்று புத்தகத்தில் படித்தது இதுதான். தேர்வுக்காக மனப்பாடம் செய்த சூத்திரத்தை என் கையாலேயே தட்டிக் கேட்டேன்.

வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் ஐயா நம் சத்திரப்புதுக்குளத்தில் 1928-இல் பிறந்தவர். 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார், 2022-இல் மறைந்தார். புராணம் மட்டும் இல்லை, காந்தி கதையையும் வில்லில் சொன்னவர். அந்தத் துணிச்சலில் நாங்களும் புதுக்கதை ஒன்று கட்டுகிறோம், தாமிரபரணியின் கதை. 1891-இல் அச்சான ஒரு நாடகத்தின் பெயரை வாசலிலேயே எழுதி வைத்திருக்கிற வளாகம் இது. பாட்டும் கூத்தும் இங்கே விருந்தாளி இல்லை.

பொதிகையில் தொடங்கிப் புன்னைக்காயலில் கடலைத் தொடுகிற ஆறு. எங்கள் எட்டுப் பேரில் அம்பாசமுத்திரத்துப் பிள்ளையும் உண்டு, ஆத்தூர்ப் பையனும் உண்டு. அவரவர் ஊர் ஆற்றை அவரவர் எழுதுகிறோம். பத்தமடைக்காரி கோரைப் பாயை எழுதிக்கொண்டு வந்தாள். தறியில் உட்கார்ந்து அவள் ஆச்சிக்கு இடுப்பு போனதையும் சேர்த்திருந்தாள். அதற்கு ஆமா போட எனக்குக் குரல் வரவில்லை. அண்ணாவி ஒன்றும் சொல்லவில்லை, குடத்தை மட்டும் மெதுவாகத் தட்டச் சொன்னார்.

என் பங்கு படித்துறைகள். குறுக்குத்துறை, சிந்துபூந்துறை வரைக்கும் எழுதிவிட்டேன். உங்கள் ஊர்ப் படித்துறைக்கு என்ன பெயர், அங்கே யார் குளிப்பார்கள், என்ன பேசுவார்கள் என்று எழுதுங்கள். பாட்டில் சேர்த்துக்கொள்கிறேன்.

சரி, அண்ணாவி வந்துவிட்டார். வில்லை இறக்க வேண்டும், வருகிறேன்.