மூன்றாம் பக்கம் வந்துவிட்டது!

வணக்கம் மக்களே. இன்றைக்கு பேக்கப் வீடியோ என்று போன தடவை சொல்லியிருந்தேன், மறக்கவில்லை, அடுத்த தடவை கண்டிப்பாக. காலையில் வந்த ஒரு கடுப்பை இறக்கி வைக்காமல் எனக்கு இன்று வேறு எதுவும் ஓடாது.

ஒரு இணையச் சேவையின் உதவிக் குழுவுக்கு டிக்கெட், அதாவது புகார், போட்டிருந்தேன். பதில் வந்திருக்கிறது, பார்க்க இதை அழுத்துங்கள் என்று மெயில். அழுத்தினேன், லாகின் கேட்டது. சரி, நியாயம்தான். பாஸ்வேர்டு போட்டு, ஓடிபி வரும்வரை போனை முறைத்துப் பார்த்து, அதையும் போட்டு உள்ளே போனால், "மீண்டும் வருக" என்று கையாட்டிக்கொண்டு டாஷ்போர்டு நிற்கிறது. நான் டாஷ்போர்டு பார்க்கவா வந்தேன்? திரும்ப மெயிலுக்குப் போய் அதே லிங்க்கை இன்னொரு தடவை அழுத்தினால் திறக்கிறது. இந்த வித்தை உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதுதான் எரிச்சலே. தளம் செய்ய வேண்டிய வேலையை நாம் பழகிப்போய்ச் செய்துகொண்டிருக்கிறோம்.

இதைத் திட்டத்தான் கேமராவை எடுத்து வைத்தேன். அப்போதுதான் போன வீடியோவின் கீழே ஒருவர் எழுதியிருந்தது ஞாபகம் வந்தது: "அண்ணா, உங்கள் புத்தக இரவல் ஆப்பும் லாகின் ஆனதும் முகப்புக்குத்தான் போகிறது." போய்ப் பார்த்தேன். ஆமாம், போகிறது. நானே எழுதிய கோடு. கேமராவை அணைத்துவிட்டேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் ஆப்பைக் கட்டிய ஜாங்கோ, பைதானில் வலைத்தளம் எழுத உதவும் கருவி, இதைச் சும்மாவே தருகிறது. லாகின் தேவைப்படும் ஒரு பக்கத்தை லாகின் ஆகாமல் தட்டினால், போக வந்த முகவரியை நெக்ஸ்ட் என்ற பெயரில் லாகின் முகவரியின் வாலில் கட்டி அனுப்பும். நான் லாகின் வியூவை, அதாவது லாகின் பக்கத்தைக் கவனிக்கும் கோடை, சொந்தமாக எழுதுகிறேன் பேர்வழி என்று அந்த வாலை அறுத்துவிட்டேன். என் வியூவைத் தூக்கிப்போட்டு ஜாங்கோ தயாராகத் தரும் லாகின்வியூவையே வைத்தேன், படிவத்துக்குள் நெக்ஸ்ட்டை மறைவான ஒரு பெட்டியாகவும் சேர்த்தேன். என் படிவம் வெறும் லாகின் முகவரிக்குத்தான் போகும், பெட்டி இல்லையென்றால் நெக்ஸ்ட் வழியிலேயே விழுந்துவிடும். பத்து நிமிட வேலை.

அப்புறம் மூன்று மணி நேரம் போனது. எதற்கு? ஒரே ஒரு & குறிக்கு! இரவலில் இருக்கும் புத்தகங்களின் பட்டியல், அதில் மூன்றாம் பக்கம். மேலே இருக்கும் லாகின் பொத்தானை அழுத்தி உள்ளே போனால், இரவல் பட்டியல் சரியாக வருகிறது, ஆனால் முதல் பக்கம். மறுபடியும் முதல் பக்கம். பக்கம் பிரிக்கும் கோடுதான் தப்பு என்று அதை முழுசாக மாற்றி எழுதினேன், பாவம், அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. கடைசியில் முகவரிப் பட்டையை எழுத்தெழுத்தாகப் படித்தேன்:

/லாகின்?நெக்ஸ்ட்=/புத்தகங்கள்?நிலை=இரவல்&பக்கம்=3

தெரிகிறதா? அந்த & வந்ததும் நெக்ஸ்ட் முடிந்துபோகிறது, முகவரியில் அது அடுத்த தகவல் தொடங்குகிறது என்பதற்கான குறி. பக்கம்=3 என்பது லாகின் பக்கத்தின் சமாச்சாரமாகிவிட்டது, அது அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? அந்தப் பொத்தானின் லிங்க்கை டெம்ப்ளேட்டில், அதாவது பக்கத்தின் மாதிரிக் கோப்பில், நான் கையால் எழுதியிருந்தேன். இப்படிப்பட்ட குறிகளைக் குறியீடாக மாற்றித் தரும் யூஆர்எல்என்கோட் என்று ஒரு ஃபில்டர் சேர்த்ததும் & போய் %26 ஆனது. மூன்றாம் பக்கம் வந்தது. சத்தியமாக எழுந்து நின்று கைதட்டினேன், வீட்டில் யாரும் இல்லை.

ஜாங்கோ போலவே பிஎச்பி மொழியில் இருக்கும் லாராவெல்லை வைத்து எழுதுகிறவர்கள் சிரிக்காதீர்கள். இதே வேலைக்கு உங்களிடம் இருக்கும் இன்டெண்டட் என்ற பெயர் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் அது முகவரியை செஷனில், அதாவது அந்த ஆளுக்காக சர்வர் வைத்திருக்கும் நினைவில், வைக்கிறது. இரண்டு டேப் திறந்தால் பின்னால் வந்தது முன்னால் வந்ததை அழித்துவிடும்.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன், லாகின்வியூவை எடுத்ததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. நெக்ஸ்ட்டில் வந்ததை அப்படியே நம்பக் கூடாது. என் தளத்தின் பெயரோடு ஒரு லிங்க், நெக்ஸ்ட்டில் மட்டும் திருட்டுத் தளம். ஆள் நிஜமான இடத்தில்தான் லாகின் ஆவார், உடனே அச்சு அசலாக இருக்கும் போலிப் பக்கத்தில் "பாஸ்வேர்டு தவறு, மீண்டும் போடுங்கள்" என்று வரும். போட்டுவிடுவார். என் பழைய கோடுகளில் எல்லாம் / என்று தொடங்குகிறதா என்று மட்டும் பார்ப்பேன். // என்று தொடங்கினாலும் அதில் தேறிவிடும், பிரவுசர் வேறு தளத்துக்குப் போய்விடும். ஜாங்கோ இதற்கு வைத்திருக்கும் ஃபங்ஷனுக்கு முன்பு இஸ்_சேஃப்_யூஆர்எல் என்று அழகான பெயர், 3.0-வில் யூஆர்எல்_ஹேஸ்_அலவுட்_ஹோஸ்ட்_அண்ட்_ஸ்கீம் என்று மாற்றினார்கள். மூச்சு வாங்குகிறது. இருந்தாலும் எனக்குப் புதுசுதான் பிடிக்கிறது, சேஃப் என்று பெயர் இருந்தால் எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று நாம் தூங்கிவிடுவோம்.

முகவரியில் # குறிக்குப் பின்னால் இருப்பது சர்வருக்கே வராது, அதை இன்னும் சரிசெய்யவில்லை. திட்டாதீர்கள்.

அந்த டிக்கெட்டுக்கு என்ன பதில் என்று சொல்லவே இல்லையே. "விவரமாக எழுதி அனுப்பவும்." நானும் உட்கார்ந்து நாலு பத்தி எழுதி அனுப்பு என்று அழுத்தினேன். செஷன் முடிந்திருந்தது. லாகின் ஆனேன், டாஷ்போர்டு கையாட்டியது. நாலு பத்தியையும் காணோம்.