கடைசிப் பஸ்ஸும் தலைமைப் பண்பும்

(சேலத்தில் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்கள் கூடிய நிகழ்வில் பேசியதன் எழுத்து வடிவம். மேடையில் விட்டுப்போன ஓரிரு வரிகளைச் சேர்த்திருக்கிறேன். கைதட்டலைச் சேர்க்கவில்லை.)

அவைத் தலைவர் ஐயா அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களே, மாவட்டக் கல்வி அலுவலர்களே, உத்தமசோழபுரம் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்திலிருந்து வந்திருக்கும் விரிவுரையாளர் பெருமக்களே, எனக்கு முன் பேசி எனக்கென்று எதையும் மிச்சம் வைக்காமல் போன பேராசிரியர் அவர்களே, ஆத்தூரிலிருந்தும் மேட்டூரிலிருந்தும் முதல் பஸ் பிடித்து வந்திருக்கும் தலைமையாசிரியர்களே, காலையிலிருந்து தொண்டை கட்டாமல் பார்த்துக்கொள்ளும் மைக் செட் தம்பி, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய ஐயாவுக்குத் தனி நன்றி. அது துண்டாக இருந்திருந்தால் ஏற்காட்டுக் குளிருக்குத் தலையில் கட்டியிருப்பேன்.

தலைமையாசிரியருக்கு வேண்டிய தலைமைப் பண்புகள் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஐந்து விஷயம் குறித்து வைத்திருக்கிறேன். ஊர் பேசுவதைக் கேட்பது, வேலையைப் பிரித்துக் கொடுப்பது, வகுப்பறைக்குள் போய் உட்காருவது, கணக்கு வழக்கு, ஆசிரியர்களுக்குள் வரும் சண்டையைத் தீர்ப்பது. ஐந்தையும் சொல்ல நேரம் கொடுப்பார்களா தெரியவில்லை.

மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பார்கள். நம் நாற்காலிக்கு அதைவிடப் பொருத்தமான பழமொழி எனக்குக் கிடைக்கவில்லை. மேலே அலுவலகம், கீழே ஆசிரியர்கள். நடுவில் எமிஸ் பதிவேற்றம், அதாவது பள்ளி, மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் வேலை வேறு. நேற்று வரை பட்டதாரி ஆசிரியராக ஒளிவிலகல் நடத்தியவர், பணிமூப்புப் பட்டியலில் பெயர் வந்ததும் இன்று சாவிக்கொத்தோடு நிற்கிறார். பாடம் நடத்தியதற்கும் பள்ளியை நடத்துவதற்கும் நடுவில் யாராவது நமக்கு எதையாவது சொல்லிக் கொடுத்தார்களா? டெல்லியில் தேசியக் கல்வித் திட்டமிடல் நிறுவனத்தில் பள்ளித் தலைமைக்கென்றே 2012 முதல் ஒரு மையம் இருக்கிறது. பயிற்சிகளும் நடக்கின்றன. குறை சொல்லவில்லை. ஆனால் பயிற்சி, பொறுப்பேற்ற பிறகு வருகிறது. சாவி வாங்குவதற்கு முன்னால் வந்தால் புண்ணியமாகப் போகும்.

சரி, முதல் விஷயம், ஊர் பேசுவதைக் கேட்பது. இதற்கு ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேர்வராயன் மலையில், ஏற்காட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளி. பெயர் வேண்டாம். நண்பர் ஒருவர் அங்கே தலைமையாசிரியராகப் போனார். வீடு சேலத்தில். தினமும் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, மாலையில் அதே 20 இறங்குகிற வாழ்க்கை. பத்தாம் வகுப்பில் கீழ்க்காடு என்ற குடியிருப்பின் பெண்பிள்ளைகள் கார்த்திகை, மார்கழியில் வருவதே இல்லை. "காப்பிப் பழம் பறிக்கப் போகிறார்கள்" என்று அறிக்கை எழுதினார். எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். மேலிடமும் ஒப்புக்கொண்டது.

ஒரு நாள் மழை. சில்வர் ஓக் மரம் ஒன்று ரோட்டின் குறுக்கே சாய்ந்துவிட்டது. குடையோடு நின்றவரைப் பார்த்துச் சத்துணவு ஆயா, "இன்னைக்குப் பஸ்ஸு வராதுங்க சார், நம்ம வீட்டுக்கு வாங்க" என்று கூட்டிப் போனார். ராகிக் களியும் கீரையும். மனிதர் அதுவரை களியை விழுங்க வேண்டும், மெல்லக் கூடாது என்பதே தெரியாமல் மென்றுகொண்டே இருந்திருக்கிறார். ஆயா வீட்டுப் பேத்தி, அவர் பள்ளியிலேயே ஆறாம் வகுப்பு, "சார் இன்னும் மென்னுட்டே இருக்காரு பாரு" என்று சிரித்திருக்கிறாள். சார் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஒவ்வொருவராகத் திண்ணைக்கு வந்தார்கள். ஊர்க்கவுண்டரும் வந்து உட்கார்ந்தார். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குக் கையெழுத்து மட்டும் அனுப்புகிறவர்கள் எல்லோரும் அங்கே நேரில். ஏன் கூட்டத்துக்கு வருவதில்லை என்று கேட்டால், "வெள்ளிக்கிழமை மத்தியானம் வைக்கிறீங்க சார், எஸ்டேட்டுல பழம் எடை போடுற நேரமுங்க" என்றார் ஒரு அம்மா. சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்தப் பெண்கள் அந்நேரம் கூடையோடு வரிசையில் நிற்கிறார்கள்.

அப்புறம்தான் விஷயம் வந்தது. "பழம் பறிக்க நாங்க போறோம் சார், பிள்ளைங்களை அனுப்பலீங்க. நீங்க சாயங்காலம் சிறப்பு வகுப்பு வைக்கிறீங்களே, அது முடிஞ்சு வர்றப்ப இருட்டிடுது. தடத்துல காட்டெருமை நிக்குது. வயசுக்கு வந்த பிள்ளைங்களை எப்படி விடுறது?"

பிள்ளைகள் தேற வேண்டும் என்று வைத்த வகுப்புதான் பிள்ளைகளை விரட்டியிருக்கிறது! சிறப்பு வகுப்பைக் காலைக்கு மாற்றலாம் என்றார் நம்மவர். ஊரே தலையாட்டியது. ஆனால் சேலத்திலிருந்து அவர் வந்து சேரவே ஒன்பதரை. என்ன செய்தார்? பாய் வாங்கினார். பள்ளி ஆய்வகத்தில், உயிரியல் பாடத்துக்கு வைத்திருந்த எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் படுத்தார். முதல் வாரம் அதன் மேல் வேட்டியைப் போர்த்திவிட்டுத்தான் தூங்கினாராம். (அவையில் சிரிப்பு. முதன்மைக் கல்வி அலுவலரும் சிரித்தார் என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன்.) காலை வகுப்புக்குப் பிள்ளைகள் வந்தார்கள். குழுக் கூட்டமும் சாயங்காலம் ஆறு மணிக்குத் திண்ணையில் நடந்தது.

அவர் மாறுதலாகிப் போனார். அடுத்து வந்தவர் ஒரு அம்மையார், கைக்குழந்தைக்காரர், திறமையில் அவரைவிட ஒரு படி மேல். எலும்புக்கூட்டுப் பக்கத்தில் அவர் குழந்தையைப் போட முடியுமா? மறுபடியும் மாலை பஸ். காலை வகுப்பு நின்றது. இதில் அந்த அம்மையாரின் தலைமைப் பண்பில் என்ன குறை கண்டீர்கள்? மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி. மலையில் அந்த மத்தளத்தை வைக்க ஒரு இடம்கூடக் கிடையாது.

நான் எங்கே வருகிறேன் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்றதிலிருந்து இந்த ஒரு கோரிக்கையைத்தான் சுமக்கிறேன். மலைப் பள்ளி ஒவ்வொன்றிலும் தலைமையாசிரியருக்கு ஒரு வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, தண்ணீர் வரும் கழிவறை. மாளிகை கேட்கவில்லை. வனத்துறைக்காரருக்கும் காவல்துறைக்கும் குடியிருப்பு கட்டத் தெரிந்த நமக்கு இது மட்டும் ஏன் முடியாது? 1964 முதல் 1966 வரை உழைத்த கோத்தாரி குழு, அதாவது மத்திய அரசு அமைத்த கல்விக் குழு, கிராமப்புற ஆசிரியருக்குக் குடியிருப்பு வேண்டும் என்று அப்போதே எழுதியது. 2020 தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. அதிலேயே கூட, கிராமப்புற ஆசிரியருக்குப் பள்ளிக்குப் பக்கத்தில் வீடு என்ற வரி இருக்கிறது. இதே ஏற்காட்டில் 1917-இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளி விடுதியோடு நடக்கிறது. அங்கே மணி நாலரை ஆனதும் பொறுப்பானவர்கள் பஸ் ஏறிக் கீழே போய்விட்டால் விடுதி நடக்குமா? எஸ்டேட் கூலியின் பிள்ளைக்கு மட்டும் நாலரையோடு தலைமை முடிகிறது.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. மலைப்படி வாங்குகிறோம், குளிர்காலப் படி வாங்குகிறோம். குளிர் ஏறும் முன் அடிவாரம் வந்துவிடுகிறோம். வீடு கட்டிக் கொடுத்தால் தங்குவீர்களா என்று ஒரு அதிகாரி என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. உங்கள் சார்பாகத் தங்குவோம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். மானத்தைக் காப்பாற்றுங்கள்.

நேரம் முடிந்தது என்று துண்டுச்சீட்டு வந்துவிட்டது. மீதி நாலு விஷயம்... வேலையைப் பிரித்துக் கொடுப்பது பற்றி மட்டும் ஒரு வரி. உதவித் தலைமையாசிரியரிடம் எமிஸைக் கொடுத்துவிட்டு நீங்கள் வகுப்பறைக்குப் போங்கள். அதிலேயே மூன்றாவது விஷயமும் வந்துவிட்டது. கணக்கு வழக்கைப் பிற்பகல் அமர்வில் தணிக்கை அலுவலர் என்னைவிட நன்றாகப் பயமுறுத்துவார். ஐந்தாவதற்கு என்னிடம் மருந்து இல்லை. மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி, அவ்வளவுதான்.

வாசல் மேசையில் இந்த வீட்டுக் கோரிக்கைக்கான மனு வைத்திருக்கிறேன். பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன், எடுத்துப் போகாதீர்கள். பெயர், பள்ளி, ஒன்றியம், கையெழுத்து. ஏற்காடு, கருமந்துறை மலைக்காரர்கள் தனித் தாளில் போடுங்கள், பச்சை அட்டை வைத்தது. சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் போட்டுவிட்டால் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் நானே கொடுத்துவிடுகிறேன். நன்றி, வணக்கம்.